ஒரே சில்லரால் மூன்று மீன் தொட்டிகளைக் குளிர்விக்க முடியுமா?

முடியும். சில்லர் என்பது தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம். ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் வேறு: "கொஞ்சம் பெரிய சில்லராக வாங்கிக்கொள்ளுங்கள், பைப்பில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுப் பிரித்துவிடுங்கள்." அப்படிச் செய்தால் ஒரு தொட்டி வற்றும், இன்னொன்று வழிந்து தரை நனையும். நீர்மட்டம் தப்பித்தவறி நிலையாக நின்றாலும், மூன்றில் ஒன்றுதான் சொன்னபடி கேட்கும்.

இந்தக் குழப்பம் "குளிர்" என்பதைக் குழாயில் விட்டுப் பங்கு போடக்கூடிய சரக்காக நினைப்பதில் தொடங்குகிறது. அப்படி ஒரு சரக்கே கிடையாது. இருப்பது வெப்பம் ஒன்றுதான். அது தொட்டிக்குள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. வந்த அளவுக்கு வெளியேற வழி வேண்டும். பல தொட்டிகளுக்குப் பொதுவான கருவி அமைப்பது பல வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை அமைப்பது மாதிரி: ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு சேருகிறது, எந்த வழியாக வடிகிறது, யார் திறந்து மூடுகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் மீதி எல்லாம் பிளம்பிங் வேலைதான்.

## சூடான பாலும் தண்ணீர்த் தாம்பாளமும்

காய்ச்சிய பாலை அவசரமாக ஆற்ற வேண்டுமென்றால், பாத்திரத்தை அப்படியே தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைப்போம். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்வதில்லை. ஆனாலும் பால் ஆறுகிறது. பாலின் வெப்பம் பாத்திரத்தின் சுவரைத் தாண்டித் தண்ணீருக்குப் போய்விடுகிறது.

எவ்வளவு வேகமாக ஆறும்? தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ அவ்வளவு வேகம். பாத்திரம் எவ்வளவு அகலமாகத் தண்ணீரைத் தொடுகிறதோ அவ்வளவு வேகம். பாலைக் கரண்டியால் கிளறினால் இன்னும் வேகம். கொஞ்ச நேரத்தில் தாம்பாளத்துத் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிடும்; அதைக் கொட்டி வேறு ஊற்றாவிட்டால் ஆறுவது நின்றுவிடும்.

மீன் தொட்டி விஷயத்தில் பயன்படும் எல்லாக் கருவிகளும் இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டு நீரையும் கலக்கவிடாமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் சுவருக்கு வெப்ப மாற்றி என்று பெயர். நம் தொட்டிகளில் அது பெரும்பாலும் ஒரு குழாய்ச் சுருள். தாம்பாளம்தான் குளிர்த் தொட்டி: மீன் இல்லாத, குளிர்ந்த நீரை மட்டும் வைத்திருக்கும் பாத்திரம். தண்ணீரை மாற்றி ஊற்றும் கைதான் சில்லர். கரண்டி, பம்ப்.

## தொட்டிக்குள் வெப்பம் எப்படி வருகிறது

அடியில் ஓட்டை உள்ள வாளியில் குழாய் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் நீரும் வடியும் நீரும் சமமாகும் உயரத்தில் மட்டம் நின்றுவிடும். தொட்டியின் வெப்பநிலையும் அப்படி நிற்கும் ஒரு மட்டம்தான். ஒரு தொட்டிக்குள் நொடிக்கு நொடி வந்து சேரும் வெப்பத்துக்கு வெப்பச் சுமை என்று பெயர். அதை வாட்டில் சொல்வது வழக்கம்.

சுமையின் பெரும்பங்கு கண்ணாடி வழியாக அறையிலிருந்து வருகிறது. தோராயக் கணக்குக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்பில் அறைக்கும் நீருக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 8 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். நீருக்குள் மூழ்கிய பம்ப் எத்தனை வாட் எடுக்கிறதோ அத்தனையும் கடைசியில் நீரில்தான் சேரும். விளக்கிலிருந்து ஒரு பகுதி. கிருமி கொல்லும் யுவி விளக்கு இருந்தால் அதுவும்.

மூன்று தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். அறையின் உச்ச வெப்பம் 32 டிகிரி செல்சியஸ்.

முதலாவது, 100 × 40 × 50 செ.மீ., 200 லிட்டர், பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் சமுதாயத் தொட்டி. 24 டிகிரியில் இருக்க வேண்டும். ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு 2.2 சதுர மீட்டர். வித்தியாசம் 8 டிகிரி. 2.2 × 8 × 8 = சுமார் 140 வாட். பம்புக்கும் விளக்குக்கும் 30 சேர்த்தால் 170.

இரண்டாவது, 60 × 40 × 42 செ.மீ., 100 லிட்டர், இறால் தொட்டி, 22 டிகிரி. பரப்பு 1.3 சதுர மீட்டர், வித்தியாசம் 10. பம்பு விளக்கோடு 120 வாட்.

மூன்றாவது, 60 × 30 × 35 செ.மீ., 63 லிட்டர்தான், ஆனால் உள்ளே ஆக்ஸலாட்டில் என்ற, தவளைக்கு உறவான குளிர்நீர் உயிர். 18 டிகிரி வேண்டும். பரப்பு 1 சதுர மீட்டர், வித்தியாசம் 14. சுமை 115 வாட்.

கடைசித் தொட்டியை இன்னொரு முறை பாருங்கள். லிட்டரில் அது முதல் தொட்டியின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுமையிலோ இரண்டாவது தொட்டிக்குச் சமம். "இத்தனை லிட்டருக்கு இந்த சில்லர்" என்று பெட்டியில் அச்சடிக்கும் எண்ணை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். லிட்டர் தீர்மானிப்பது தொட்டி எவ்வளவு மெதுவாகச் சூடாகும் என்பதை. எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பதைப் பரப்பும் டிகிரி வித்தியாசமும்தான் தீர்மானிக்கின்றன.

ஒரு பைசா மின்சாரம் இல்லாமல் சுமையைக் குறைக்கவும் இதே கணக்கு வழி காட்டுகிறது. ஆக்ஸலாட்டில் தொட்டியின் பின்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் 25 மி.மீ. தெர்மாகோல் ஒட்டினால் அந்தப் பரப்பில் 8 வாட் என்பது ஏறக்குறைய 1.2 ஆகிவிடும். 115 வாட் சுமையில் 40 வாட் மாயம். முன்கண்ணாடியை மட்டும் பார்வைக்கு விட்டால் போதும். சில்லர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

காற்றில் ஈரம் அதிகமென்றால் இன்னொரு கூடுதல் சுமை உண்டு. 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும் வியர்க்கும். கண்ணாடியில் நீர்த்துளியாகப் படியும் ஆவி, தன்னிடமிருந்த வெப்பத்தைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டுத்தான் படிகிறது. மேலே போட்ட கணக்கில் தாராளமாக இடம் விட வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

இதுவரை பார்த்தது: வெப்பம் கண்ணாடி, பம்ப், விளக்கு வழியாக உள்ளே வருகிறது. மூன்று தொட்டிக்கும் சேர்த்துச் சுமை 405 வாட். இதை வெளியேற்றினால்தான் வெப்பநிலை நிற்கும்.

## சில்லர் என்ன செய்கிறது

ஃபிரிட்ஜின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்; சூடாக இருக்கும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அது அங்கே கொட்டுகிறது. சில்லரும் அதே இயந்திரம்தான். நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து, கம்ப்ரஸர் செலவழித்த மின்சாரத்தையும் சூடாக மாற்றிச் சேர்த்து, இரண்டையும் அறைக்குள் ஊதுகிறது. 600 வாட் வெப்பத்தை எடுக்க 250 வாட் மின்சாரம் ஆகிறதென்றால் அறைக்குள் வருவது 850 வாட். மூடிய சின்ன அறையில், அதைவிட மோசமாக தொட்டி ஸ்டாண்டின் அலமாரிக்குள், சில்லரை வைத்தால் அது தானே கொட்டிய சூட்டைத் தானே மறுபடி அள்ள வேண்டியிருக்கும். "சில்லர் ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் குளிரவில்லை" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது அது எங்கே நிற்கிறது என்பதை.

1/10 எச்.பி., 1/4 எச்.பி. (குதிரைத்திறன்) என்ற எண்கள் கம்ப்ரஸரின் அளவைச் சொல்பவை. எவ்வளவு வெப்பத்தை எடுக்கும் என்பதற்கு விவரத்தாளில் உள்ள வாட் அல்லது பிடியூ எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மணிக்கு 1000 பிடியூ என்பது 293 வாட். அந்த எண்ணும் ஒரு குறிப்பிட்ட அறை வெப்பத்தில், ஒரு குறிப்பிட்ட நீர் வெப்பத்தில் அளந்தது. அறை சூடாக ஆக, நீரை இன்னும் குளிராகக் கேட்கக் கேட்க, அது இறங்கும்.

நம் மூன்று தொட்டிகளுக்கு: 405 வாட், அதோடு குளிர்த் தொட்டியும் ஹோஸும் உறிஞ்சும் வெப்பமும் பம்புகளின் சூடும் சுமார் 60 வாட், அதன்மேல் 30 விழுக்காடு இடம். 600 வாட் வேண்டும்.

## டீ போட்டால் ஏன் நடக்காது

ஒரு பம்ப் முதல் தொட்டியிலிருந்து நீரை எடுக்கிறது, சில்லர் வழியாகப் போகிறது, டீயில் பிரிந்து இரண்டு தொட்டிக்கும் திரும்புகிறது. எடுப்பது ஒன்றிலிருந்து, ஊற்றுவது இரண்டில். ஒன்று வற்றி ஒன்று வழியாமல் வேறென்ன ஆகும்? இரண்டிலிருந்தும் எடுத்து இரண்டிலும் ஊற்றினால் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. டீயில் நீர் சரிபாதியாகப் பிரிவதில்லை. எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் அதிகம் போகும். ஒரு ஹோஸ் அரை மீட்டர் நீளம் கூடினாலே, ஒரு வளைவு அதிகமானாலே, பங்கு மாறும். மணிக்கு 10 லிட்டர் வித்தியாசம்கூட ஓர் இரவில் 100 லிட்டரை இடம் மாற்றிவிடும்.

தொட்டிகளைக் கவிழ்த்த யு வடிவக் குழாயால் இணைத்து மட்டத்தைச் சமன் செய்வது இன்னொரு யோசனை. குழாயின் உச்சியில் காற்றுக்குமிழி சேர்ந்து இணைப்பு அறுந்துபோகும் நாள் வரை அது வேலை செய்யும்.

மட்டம் சரியாக இருந்தாலும் கட்டுப்பாடு இருக்காது. சில்லரின் தெர்மோஸ்டாட், அதாவது வெப்பநிலையைப் பார்த்துத் தானே இயக்கி நிறுத்தும் சுவிட்ச், தன் வழியாகப் போகும் நீரை மட்டும்தான் பார்க்கிறது. இரண்டு தொட்டி நீரும் கலந்து வரும்போது ஒன்று 22, ஒன்று 28 என்றால் அதற்குத் தெரிவது 25. அது நிம்மதியாக அணைந்துவிடும்.

வால்வைத் திருப்பிக் காலையில் ஒரு தொட்டி, மாலையில் ஒரு தொட்டி என்று மாற்றிவிடுவதையும் செய்கிறார்கள். ஹோஸில் தேங்கிய நீர் ஆக்ஸிஜன் இழந்து கெட்டு, அடுத்த திருப்பில் தொட்டிக்குள் போகும். அதோடு தினமும் இருமுறை ஏறி இறங்கும் வெப்பநிலை. நிலையான 28 டிகிரியைப் பொறுத்துக்கொள்ளும் மீன்கூட இந்த ஆட்டத்தில் சோர்ந்துவிடும்.

## முதல் வழி: எல்லாத் தொட்டிக்கும் ஒரே நீர்

தொட்டிகளுக்குக் கீழே ஒரு பொதுத் தொட்டி வைப்பதற்கு சம்ப் என்று பெயர். ஒவ்வொரு தொட்டியிலும் விளிம்புக்குச் சற்றுக் கீழே வழிகுழாய். மிகுந்த நீர் தானே சம்புக்கு இறங்குகிறது. சம்பிலிருந்து ஒரே பம்ப் மேலே ஏற்றுகிறது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு வால்வு. பங்கு ஏறுமாறாக இருந்தாலும் மட்டம் மாறாது, ஏனென்றால் எவ்வளவு வந்தாலும் அவ்வளவும் வழிந்துவிடும். டீ போட்டுத் தோற்றவர்களின் சிக்கல் இங்கே புவியீர்ப்பால் தீர்ந்துவிடுகிறது. சில்லர் தனிப் பம்போடு சம்பிலிருந்து எடுத்துச் சம்புக்கே திருப்பித் தரும். வழிநீர் விழும் அறையிலிருந்து எடுத்து, ஏற்றும் பம்ப் இருக்கும் அறைக்குத் திருப்புவது நல்லது.

மின்சாரம் நின்றதும் ஹோஸில் உள்ள நீரும், வழிகுழாய் மட்டத்துக்கு மேலே உள்ள நீரும் கீழே இறங்கும். சம்பில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பம்பை நிறுத்தியே சோதித்துவிட வேண்டும். திரும்பும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால் அது சைஃபனாகி, அந்த ஆழம் வரை தொட்டியை உறிஞ்சிவிடும்.

இதில் எல்லாத் தொட்டியும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். 170 வாட் சுமையுள்ள தொட்டிக்கு மணிக்கு 600 லிட்டர் போனால் அது சம்பைவிட கால் டிகிரிதான் அதிகம். ஆக்ஸலாட்டிலும் வெப்பமண்டல மீனும் ஒரே வலையமைப்பில் வாழ முடியாது. அதைவிடப் பெரிய விலை: ஒரு தொட்டியில் வெண்புள்ளி நோய் வந்தால் எல்லாத் தொட்டிக்கும் வந்ததாக அர்த்தம். மீனுக்கு ஊற்றும் செம்பு கலந்த மருந்து இறாலைக் கொன்றுவிடும். ஒரே வகை உயிர்களை ஒரே நீரில் வளர்ப்பவர்களுக்கு இது அருமையான முறை. கலவையாக வளர்ப்பவர்களுக்கு இல்லை.

## இரண்டாம் வழி: குளிர் பொது, நீர் தனி

இது அந்தப் பால் பாத்திர முறை. சில்லர் எந்த மீன் தொட்டியையும் பார்ப்பதில்லை. ஒரு குளிர்த் தொட்டியை மட்டும் குளிராக வைத்திருக்கிறது. ஒவ்வொரு மீன் தொட்டிக்கும் ஒரு சின்னப் பம்ப், ஒரு சுருள், ஒரு தெர்மோஸ்டாட். தொட்டி சூடானால் அதன் தெர்மோஸ்டாட் அதன் பம்பை இயக்கும். குளிர்த் தொட்டி நீர் சுருளுக்குள் ஓடி, வெப்பத்தை அள்ளிக்கொண்டு திரும்பும். மீன் நீர் மீன் நீராகவே இருக்கும். தொட்டிக்கொரு வெப்பநிலை வைக்கலாம். உப்புநீர்த் தொட்டியும் நன்னீர்த் தொட்டியும் ஒரே சில்லரில் வாழலாம்.

குளிர்த் தொட்டிக்கு 60 முதல் 80 லிட்டர் வரை பிடிக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் போதும். ஐஸ்பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. இத்தனை லிட்டர் எதற்கு? கம்ப்ரஸர் நின்ற உடனே மறுபடி கிளம்பினால் சீக்கிரம் பழுதாகும். 70 லிட்டர் நீரை 2 டிகிரி இறக்க 600 வாட் சில்லருக்கு 16 நிமிடம் ஆகும். அந்த அளவு மூச்சு அதற்குக் கிடைக்கிறது. 10 லிட்டர் வாளியில் வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடித்துக்கொண்டிருக்கும்.

டிரம்முக்கு வெளியே எல்லாப் பக்கமும் தெர்மாகோல், ஹோஸ்களுக்குக் கருப்பு ரப்பர் நுரை உறை. உறை இல்லாவிட்டால் வெப்பம் நுழைவது ஒரு பக்கம். வியர்த்துச் சொட்டி மரச்சட்டம் ஊறிப்போவது மறு பக்கம். டிரம் தொட்டிகளுக்குக் கீழே இருக்கட்டும். மேலே வைத்தால், சுருளில் ஒரு கசிவு வந்தால் டிரம் நீர் முழுவதும் மீன் தொட்டிக்குள் இறங்கிவிடும். பம்ப் நின்றிருக்கும்போதும் கனமான குளிர்நீர் தானாகக் கீழிறங்கி மெதுவாகச் சுழலும். உள்ளே குளோரின் நீக்கிய சாதாரண நீர்தான். உறைதடுப்பு திரவம் எதையும் ஊற்றக்கூடாது. ஒருநாள் கசிந்தால் அது மீனுக்கு விஷம்.

குளிர்த் தொட்டியை எத்தனை டிகிரியில் வைப்பது? உங்கள் மிகக் குளிரான தொட்டியைவிட 5 டிகிரியாவது கீழே. நம் உதாரணத்தில் 18-க்கு 13. ஆக்ஸலாட்டில் இல்லாவிட்டால் 16, 17 போதும்; சில்லருக்கும் வேலை குறையும்.

## சுருள்: எந்த உலோகம், எவ்வளவு நீளம்

செம்பு எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அது வெப்பத்தை எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும், உண்மைதான். ஆனால் இங்கே தடை உலோகத்தில் இல்லை. சுருளை ஒட்டி நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் வெப்பத்தைத் தடுக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உலோகச் சுவர் எதுவானாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. செம்போ இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். நன்னீருக்கு 316 தர எவர்சில்வர், உப்புநீருக்கு டைட்டானியம். அந்த நீர்ப்படலத்தைக் கலைக்க ஃபில்டர் நீர் சுருள்மேல் பட்டு ஓடும்படி வைக்க வேண்டும்; கரண்டியால் கிளறுவது என்று சொன்னது இதைத்தான்.

10 மி.மீ. எவர்சில்வர் குழாய், மேலே நீர் ஓடும் நிலையில், மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 6 முதல் 8 வாட்டாவது கடத்தும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடலாம். முதல் தொட்டி: 170 வாட், வித்தியாசம் 24 − 13 = 11 டிகிரி. டிகிரிக்கு 15.5 வாட், 40 விழுக்காடு இடம் விட்டால் 22. மூன்று மீட்டர். இறால் தொட்டிக்கும் ஏறக்குறைய அதே மூன்று. ஆக்ஸலாட்டிலுக்கு 115 வாட்தான், ஆனால் வித்தியாசம் வெறும் 5 டிகிரி. டிகிரிக்கு 32 வாட் வேண்டும், நான்கரை மீட்டர். ஆக, மிகச் சின்னத் தொட்டிக்கு மிக நீளச் சுருள்.

ஆர்.ஓ. இயந்திரத்தில் வரும் வெள்ளை பிளாஸ்டிக் டியூபும் வேலை செய்யும். மீட்டருக்கு 2 முதல் 2.5 வாட்தான், அதனால் முதல் தொட்டிக்கு 10 மீட்டர் ஆகும். அந்த மெல்லிய துளையில் 10 மீட்டரை ஒரே நீளமாகச் சுற்றினால் சின்னப் பம்ப் திணறி, நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். 3 அல்லது 4 மீட்டர்த் துண்டுகள் மூன்றை இணையாகப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும். அழகாக இருக்காது.

சுருளுக்குள் நீரை மெதுவாக விட்டால் "நன்றாகக் குளிரும்" என்பது நெடுநாள் நம்பிக்கை. மெதுவாகப் போகும் நீர் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிக டிகிரி மாறும், அது சரி. கடத்தப்பட்ட மொத்த வெப்பம் வேறு கணக்கு: மணிக்கு ஓடும் லிட்டர் × டிகிரி மாற்றம் × 1.16 = வாட். மணிக்கு 150 லிட்டர், 1.4 டிகிரி மாற்றம் என்றால் 244 வாட். 30 லிட்டர், 4 டிகிரி மாற்றம் என்றால் 139 வாட்தான். கைக்கு ஜில்லென்று படுவதை அளவுகோலாகக் கொண்டால் தோற்பது உறுதி.

இந்தச் சூத்திரம் சோதனைக்கும் உதவும். பம்ப் ஓடும்போது சுருளுக்குள் போகும் நீரையும் திரும்பி வரும் நீரையும் ஒரே தெர்மாமீட்டரால் அளந்து, திரும்பும் நீரை ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 2.5 லிட்டர் என்றால் மணிக்கு 150. சுருள் உண்மையில் எத்தனை வாட் கடத்துகிறது என்று தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்து அதே அளவு குறைந்திருந்தால் சுருள்மேல் பாசி படிந்திருக்கிறது.

இதுவரை: குளிர்த் தொட்டி 13 டிகிரி, தொட்டிக்கொரு பம்ப், எவர்சில்வர்ச் சுருள் 3, 3, 4.5 மீட்டர், மணிக்கு 150 லிட்டர் ஓட்டம். இனி, திறந்து மூடும் கை.

## தெர்மோஸ்டாட்டை எப்படி வைப்பது

குளிர்விக்கும் முறையில் இயங்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். சூடேற்றும் முறையில் விட்டுவிட்டால் தலைகீழாக வேலை செய்யும். 24 டிகிரி, வித்தியாசம் 0.5 என்று வைத்தால் 24.5-இல் பம்ப் ஓடும், 24-இல் நிற்கும். தெர்மோஸ்டாட்டின் உணரியை, அதாவது வெப்பநிலையை அளக்கும் முனையை, சுருளின் அருகே வைக்காதீர்கள். தொட்டியின் மறுகோடியில், நீரோட்டத்தில் இருக்கட்டும். தொட்டியில் ஹீட்டரும் இருந்தால் அதைக் குறைந்தது 2 டிகிரி கீழே வையுங்கள். ஹீட்டர் 25, குளிர்விப்பு 24 என்று வைத்துவிட்டால் இரண்டும் நாள் முழுக்கச் சண்டை போடும்; தொட்டி ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும், மின்கட்டணம் வந்தபின்தான் உறைக்கும்.

புதிதாக இயக்கும்போது ஒரே நாளில் விரும்பிய வெப்பநிலைக்கு இறக்க வேண்டாம். நாளைக்கு 1 அல்லது 2 டிகிரி போதும்.

## எது எப்படிக் கெடும்

உணரி நீரிலிருந்து நழுவி வெளியே தொங்குவதுதான் அடிக்கடி நடப்பது. அது அறையின் 32 டிகிரியைப் பார்த்துக்கொண்டு பம்பை நிறுத்தவே விடாது. அப்போது தொட்டி எதுவரை இறங்கும்? சுருள் எவ்வளவு பெரிதோ அதைப் பொறுத்தது. மேலே சொன்ன 3 மீட்டர்ச் சுருள் என்றால், 32 டிகிரி அறையில் முதல் தொட்டி ஏறக்குறைய 22-இல் நின்றுவிடும். அறை 26 டிகிரிக்கு இறங்கும் இரவில் 19.5 வரை போகும். மீன் சுணங்கும், பிழைத்துவிடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 10 மீட்டர் சுற்றியவரின் தொட்டி 16-ஐ நோக்கிப் போய்விடும். இங்கே சிக்கனம்தான் பாதுகாப்பு. உணரியின் வயரை உறிஞ்சுகுமிழியை நம்பி விடாமல் ஒரு கிளிப்பால் விளிம்பில் கட்டுங்கள்.

சுருள் கசிந்தால் டிரம்மின் மட்டம் மாறும். டிரம்மின் உட்புறத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூடியுள்ள டிரம்மில் மட்டம் காரணமில்லாமல் மாறாது. உப்புநீர்த் தொட்டி இருந்தால் டிரம் நீரின் உப்பைச் சோதித்தாலே தெரிந்துவிடும்.

சில்லரின் விசிறிச் சல்லடையில் தூசி அடைந்தால் அது மெல்ல மெல்லச் சோம்பும். மாதம் ஒருமுறை தட்டிவிட வேண்டும். எல்லா வயரும் சுவர்ப் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கிப் போகட்டும். வியர்வை நீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவில் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் இதையெல்லாம் மாட்டவே வேண்டாம்.

## இதெல்லாம் வேண்டாம் என்றால்

2 அல்லது 3 டிகிரி குறைந்தால் போதுமென்றால் விசிறி போதும். நீர்ப்பரப்பின்மேல் காற்றடித்தால் மண்பானை குளிரும் விதத்தில் தொட்டி குளிரும். ஒரு நாளில் 1 லிட்டர் ஆவியானால் சராசரி 28 வாட் வெளியேறியதாகக் கணக்கு. ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விசிறிக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு: 32 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால் 22 டிகிரிக்கும், 70 விழுக்காடு என்றால் 27 டிகிரிக்கும் கீழே எந்த விசிறியாலும் இறக்க முடியாது. நடைமுறையில் அதற்குச் சற்று மேலேயே நின்றுவிடும்.

ஒரே அறையில் ஐந்தாறு தொட்டிகள், எல்லாவற்றுக்கும் 24, 25 டிகிரி போதும் என்றால், அறைக்கே ஏசி போடுவது இந்தப் பைப் வேலைகள் அனைத்தையும்விடப் பல சமயம் எளிது. அது சூட்டை வீட்டுக்கு வெளியே கொட்டுகிறது. சில்லர் உள்ளேயே கொட்டுகிறது.

## மின்சாரம் நின்றால்

பொதுக் கருவியின் பெரிய பலவீனம் இது: நின்றால் எல்லாத் தொட்டிக்கும் சேர்த்து நிற்கும். முதல் சில மணி நேரத்தில் வெப்பத்தைவிட ஆக்ஸிஜன்தான் ஆபத்து. 25 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 8.3 மி.கி. வரை கரையும், 30 டிகிரியில் 7.6 தான், மீனின் தேவையோ சூட்டில் கூடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று தொட்டிக்கொன்றாகக் கைவசம் இருக்கட்டும்.

குளிருக்கு, ஃப்ரீசரில் உறையவைத்த 1 லிட்டர் பாட்டில். அது உருகி 25 டிகிரி வரை வருவதற்குள் 100 லிட்டர் நீரை ஏறக்குறைய 1 டிகிரி இறக்கும். 200 லிட்டர்த் தொட்டிக்கு ஒரு டிகிரிக்கு இரண்டு பாட்டில், 63 லிட்டருக்கு ஒரு சின்னப் பாட்டில். மூடி இறுக்கமாக, உள்ளே முக்கால் பங்கு நீர் மட்டும். முழுக்க நிரப்பினால் உறையும்போது வெடிக்கும். ஆக்ஸலாட்டில் தொட்டியில்தான் முதலில் போட வேண்டும், அறைக்கும் அதற்கும்தான் வித்தியாசம் மிக அதிகம், நீரும் மிகக் குறைவு. மூன்றில் மிக வேகமாகச் சூடாவது அதுதான்.